பாராட்டியதற்கு வந்த நோட்டீஸ்

கல்கத்தா கிடர்பூர் துறைமுக ஆபீஸில் பட்டாபிராமன் பேச ஆரம்பித்தால், பக்கத்து மேஜைக்காரர்களுக்குத் திடீரென்று டீ குடிக்கத் தோன்றும். அப்படிப்பட்ட தொண்டை தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவனைப் பாராட்டி வக்கீல் நோட்டீஸ் வாங்கும் அளவுக்குத் திறமை இருப்பது ரிடையர் ஆன பிறகுதான் தெரிந்தது.

கீழ் வீட்டு வெங்கடசுப்ரமணியனின் மகன் சைதன்யாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கோயம்புத்தூரிலிருந்து பட்டாபிராமனுக்கு ஃபோன் செய்து, பையன் எப்படி என்று விசாரித்தார். பட்டாபிராமன் மனதாரப் புகழ்ந்தார். சால்ட் லேக்கில் நல்ல வேலை, சிகரெட் கிடையாது, அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான். எதிர்முனையில் வெறும் "ம்" மட்டுமே வந்தது. இத்தனை நல்லவனை யார்தான் நம்புவார்கள்? நம்பும்படியாக ஒன்றைச் சேர்த்தார்.

"ஒரு தடவை மனசு ஒடைஞ்சு ஆஸ்பத்திரில இருந்தான் சார். நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதுலேர்ந்து எழுந்து வந்த பிள்ளை. அந்த உறுதி யாருக்கு வரும்?"

மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. சொன்னது யார் என்ற தகவலும் தரகர் வழியாகக் கீழ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மாடிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸோடு அவர் போய்ப் பார்த்த வக்கீல் வசுமதியின் அறை கரியாஹாட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேலே. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மாமா என்பதற்குப் பதில் வங்காளிகளைப் போல 'காகு' என்பாள். கீழே ஒலிபெருக்கி துர்கா பூஜைத் தள்ளுபடியைக் கூவிக்கொண்டிருந்தது.

"நிஜத்தைச் சொன்னா அவதூறாம்மா?"

"கேஸ் போடலாம் காகு. கிரிமினல்ல நிஜமா இருந்தா மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாவும் இருக்கணும்."

"ஒரு பிள்ளை அழுததுல பொதுவுக்கு என்ன நன்மை?"

"அதான். இன்னொரு வழி, கேட்டவர் நலனுக்காக நல்ல எண்ணத்தோட சொன்னேன்னு வாதாடறது. ஜெயிச்சுடலாம். ஆனா சொன்னது நிஜம்னு காட்டணும். டாக்டரைக் கூப்பிடணும். ஆஸ்பத்திரி ரிக்கார்டு கேக்கணும். நோட்டீஸ் சைதன்யா பேர்ல வந்திருக்கு, அவனைக் கூண்டுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும்."

"என்னன்னு?"

"எதுக்காக அட்மிட் ஆனே, என்ன பண்ணிண்டே, எல்லாம்தான்."

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்துக்குத்தான் தெரியும். அவர் ஜெயித்தால் கோர்ட்டுக்கே தெரியும்.

"அவா என்ன எழுதித் தரச் சொல்றா?"

"நீங்க சொன்னது முழுப் பொய்னு."

"டைப் பண்ணும்மா. எனக்கு நல்ல பேர் ஒண்ணும் பெரிசா இல்லே, நஷ்டம் கம்மிதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காகிதத்தோடு கீழே இறங்கினார். வெங்கடசுப்ரமணியன் பேங்கில் முப்பது வருஷம் பிறர் எழுதியதைத் திருத்தியவர். வாசலிலேயே நின்று படித்தார்.

"'வருந்துகிறேன்'னு இருக்கு. 'ஆழ்ந்து'ன்னு சேர்க்கணும். இருங்கோ, பேனா எடுத்துண்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் சைதன்யா வெளியே வந்தான். பட்டாபிராமன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"கேஸ் வேண்டாம்னுதான் மாமா சொன்னேன். அப்பா கேக்கலை."

"தெரியும்டா."

"அப்பா அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லே. ராத்திரி முழுக்க பெஞ்சுல உக்காந்து, உங்க துறைமுக ஜோக்கெல்லாம் சொன்னேள். ஒண்ணுக்குக்கூட சிரிப்பு வரலை."

"என் ஜோக்குக்கு யாருக்குடா வந்திருக்கு?"

அவன் இப்போதும் சிரிக்கவில்லை. "அது நடக்கவே இல்லேன்னு எழுதிட்டேளே."

"ஊருக்காகடா."

"நானும் ஊர்லதானே இருக்கேன், மாமா."

வெங்கடசுப்ரமணியன் திரும்பி வந்து பேனாவை நீட்டினார். பட்டாபிராமன் 'ஆழ்ந்து' என்று சேர்த்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார்.

"கோயம்புத்தூருக்கு ஒரு காப்பி அனுப்பறேன்" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"அந்தப் பொண்ணுக்கு வேற இடம் நிச்சயமாயிடுத்துன்னு தரகர் சொன்னாரே."

"ஆயிடுத்து. இருந்தாலும் ரிக்கார்டுல இருக்கட்டும்."

சைதன்யா உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.