ஏழும் எட்டும்

அன்று காலை எட்டரைக்கே அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். காவலாளி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, வீட்ல சண்டையா?"

"இன்னிக்கு ரிசல்ட்டுய்யா! சீக்கிரம் திற."

அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான்; இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது மூன்று வருடமாக மதிப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். மருத்துவத்தில் புதிதாக ஏதாவது வந்தால், அதை மக்கள் பணத்தில் வாங்கலாமா, வாங்கினால் யாருக்கு எவ்வளவு நன்மை என்று ஆராய்ந்து சொல்வதுதான் அந்தப் பிரிவின் வேலை.

இந்த முறை வந்தது ஏர் பெட். எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்க, மோட்டார் வைத்துக் காற்றை ஏற்றி இறக்கும் படுக்கை. ஒன்பது மருத்துவமனைகளில் பதினான்கு மாதம் சோதனை நடந்தது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஏர் பெட், மீதிப் பேருக்குத் தடித்த ஃபோம் மெத்தை. புண்களின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு சொன்ன மருத்துவர்களுக்கு, யார் எதில் படுத்திருந்தார் என்பது தெரியாது.

சோதனையே வீண் என்று ஆரம்பத்தில் சண்டை போட்டவள் அக்கா. "எத்தனை முதுகக் கழுவி மருந்து வச்சிருப்பேன்! ஏர் பெட்தான் நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா?"

"முதுகுப் புண்ணுக்கு வேணும்க்கா" என்றார் தசமம்.

தசமம் அங்கே புள்ளியியலாளர். 'ரெண்டு நிமிஷத்தில் வரேன்' என்று அவருக்குச் சொல்லத் தெரியாது; ஒன்று புள்ளி ஐந்து என்பார். அதனால் வந்த பெயர்.

ஒன்பது மணிக்கு அவர் கணினியில் விசையைத் தட்டினார். அக்கா அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏர் பெட்ல புண் வந்தது நூத்துக்கு ஏழு பேருக்கு" என்றார்.

"சொன்னேன்ல!"

"ஃபோம்ல எட்டு."

"எட்டா? பதினெட்டா?"

"எட்டுக்கா. இந்த ஒரு ஆள் வித்தியாசம் தற்செயலாவும் வரலாம். ஏர் பெட் ஒசத்தின்னு இத வச்சு சொல்ல முடியாது."

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. மதியக் கூட்டத்தில் பேசுவதற்காக, ஏர் பெட் வாங்கச் சொல்லி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தாள். புகைப்படங்களைத் திறந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நாற்பதை எடுத்துத் தானே பார்த்தாள். ஒரு குதிகால், ஒரு இடுப்பு, மறுபடி ஒரு குதிகால். மருத்துவர்கள் எழுதியது அத்தனையும் சரி. தப்பு எங்கேயும் இல்லை.

நாற்பதாவது படத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது.

"தம்பி, ஒரு ஏர் பெட் விலைக்கு எத்தனை ஃபோம் வாங்கலாம்?"

"பதினொண்ணு."

"வார்டுகள்ல இப்ப இருக்கற பழைய மெத்தையில எத்தனை பேருக்குப் புண் வருது?"

"போன வருஷக் கணக்கெடுப்புல நூத்துக்கு இருபத்தாறு. ஆனா அது சோதனை இல்லக்கா, வெறும் கணக்கெடுப்பு. அவ்வளவு உறுதியா எடுத்துக்க முடியாது."

"அதையும் சேத்தே சொல்றேன். காகிதத்தக் குடு!"

மளமளவென்று எழுதினாள். கையிலிருக்கும் நிதிக்கு ஏர் பெட் ஆயிரம் பேருக்குக் கிடைக்கும். இருபத்தாறில் ஏழு போக நூற்றுக்குப் பத்தொன்பது வீதம், நூற்றுத்தொண்ணூறு பேர் தப்பிப்பார்கள். அதே நிதிக்கு ஃபோம் பதினோராயிரம் பேருக்கு. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் தப்பிப்பவர்கள்? எழுதியதை அவளே நம்பாமல் தசமத்திடம் நீட்டினாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது" என்று வாசித்தவர், முதல் முறையாக, "சுமாரா ரெண்டாயிரம்!" என்று கத்திவிட்டார்.

நான்கு பக்கத்தையும் அக்கா கிழித்துப் போட்டாள். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சாப்பாட்டை மறந்து இருவரும் புதிதாக எழுதினார்கள்.

இரண்டு மணிக்கு, எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் குழுவின் கூட்டம். பதினோரு உறுப்பினர்கள். அக்கா பேசி முடித்ததும் ஒரு மூத்த அறுவை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒருத்தர் உங்க அப்பாவா இருந்தா?"

அக்கா கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"எங்கப்பா ஏர் பெட்லதான் படுத்திருக்கார் டாக்டர். நான் வாங்கிக் குடுத்தது. அந்த ஒருத்தர் நிஜமா இருக்காரான்னே நமக்கு உறுதியாத் தெரியல. ஆனா எனக்கு இன்னிக்கு வேற ஒண்ணு தெரியும். எங்கப்பாவுக்கு மட்டும் வாங்கறதா, பதினோரு அப்பாவுக்கு வாங்கறதான்னு கேட்டா, நான் பதினொண்ணுன்னுதான் சொல்லணும்."

"ஃபோம்ல படுத்தும் புண் வந்தா?"

"அவங்களுக்கு மட்டும் ஏர் பெட். அதுக்கும் இதுலயே கொஞ்சம் ஒதுக்கிக்கலாம்."

மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் எதிர்த்தார்.

மூன்று மாதத்தில் லாரிகள் கிளம்பின. முதல் சுமை இறங்கிய மருத்துவமனைக்கு அக்காவும் தசமமும் போயிருந்தார்கள். வார்டுச் சிஸ்டர் உறையைக் கிழித்து, மெத்தையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள்.

"எத்தனை பெட்டுக்கு வந்திருக்குக்கா? வழக்கம்போல ரெண்டு மூணா? யாருக்குப் போடறது, யாரை விடறது?"

"எல்லாருக்கும்" என்றாள் அக்கா.

"நெஜமாவா?"

"கடைசிக் கட்டில் வரைக்கும். புடி, அந்த முனையத் தூக்கு."