வெள்ளிக்கிழமை எண்ணெய்

யுத்தம் முடிந்ததும் எல்லாருக்கும் எல்லாம் உடனே வேண்டும் என்றாகிவிட்டது. நாலு வருஷம் திரும்பிப் பார்க்காமல் போட்டிருந்த கார், கூப்பிட்ட நிமிஷம் உறுமிக்கொண்டு வர வேண்டுமாம். நாலு வருஷம் படுக்கையில் கிடந்த மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்து ஓடு என்பார்களா? இரும்பு என்றால் மட்டும் ஒருத்தருக்கும் யோசனை கிடையாது.

கரமனையில் வக்கீல் சாம்பசிவய்யர் வீட்டுக் காரைப் பதினாறு வருஷம் ஓட்டியவன் நான். யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்தபோது அதைக் கட்டைமேல் தூக்கி வைத்துக் கொட்டகையைப் பூட்டினோம். அன்றிலிருந்து சாலைக் கடைகளில் அரிசி மூட்டை சுமக்கிறேன். வயது அறுபத்திரண்டு. முதுகு இனித் தாங்காது. வக்கீலுக்கு அது தெரியும்.

"ஸ்டார்ட் ஆச்சுன்னா பழையபடி நீயே ஓட்டு, தாசையா. ஆகலைன்னா மத்தியானம் பழைய சாமான் வாங்கற நயினார் வரான். இரும்பு விலைக்குப் போகட்டும்."

காலை ஏழு மணிக்கு இதைச் சொல்கிறார்.

சீட்டுக்கடியில் குடித்தனம் நடத்திய எலிகளை விரட்டினேன். புகைக்குழாயில் குளவி கட்டியிருந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தேன். டாங்கியில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். அடியிலிருந்த கறுத்த எண்ணெயை வடித்து மாற்றினேன். இனி எஞ்சின் தலையிலுள்ள நாலு பித்தளைக் கிண்ணங்களைத் திறந்து எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறப் போட வேண்டும். பிஸ்டன் காய்ந்திருக்கும்போது சுற்றினால் உள்ளே கீறிப்போகும்.

"நாளைக்குக் காலத்த சுத்தலாம், சாமி. இண்ணைக்கு நடக்காது."

"நடக்காதுன்னா நயினார் நடத்திண்டு போவான்."

அவர் சம்சாரம் விஜயம் அம்மாள் கொல்லை வாசலில் நின்றிருந்தார். "ஊறப் போட வேண்டாம், தாசையா. நான் விட்டுண்டுதான் இருக்கேன்."

முதல் கிண்ணத்தைத் திருகினேன். தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது.

"இது என்னதும்மா?"

"நீதானே சொன்னே, இரும்பை உலர விடாதீங்கோன்னு. வெள்ளிக்கிழமை நான் தலைக்குத் தேய்ச்சுண்டா, இதுக்கும் கிண்ணத்துக்கு நாலு சொட்டு."

சொன்னேன்தான். கொட்டகையைப் பூட்டிய எரிச்சலில், யாரிடம் என்றில்லாமல் சொன்னது.

வக்கீல் சிரித்தார். "நடுவுல எண்ணெய் கிடைக்காம இருந்துதே, அப்போ தன் தலையைக் காயப் போட்டுட்டு இதுக்கு விட்டா. கேட்டியா?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நரைத்து வறண்டிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம் பார்த்தால் எஞ்சின் ஓடுமா? அந்த எண்ணெய் உள்ளே பிசினாகப் பிடித்திருக்கும். பிரித்துக் கழுவ ரெண்டு நாள் கேட்டேன். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் நயினாரின் மாட்டுவண்டி சந்தில் வந்து நின்றது. அவன் இறங்கி மோப்பம் பிடித்தான்.

"என்ன வேய், எஞ்சினா இது, உப்பேரி வறுக்குற சட்டியா?"

அப்போதே போயிருக்கலாம். சாலையில் காத்திருக்கும் அரிசி மூட்டையை நினைத்துக்கொண்டேன். கியரில் இல்லை என்று ரெண்டு தடவை பார்த்தேன். தீப்பொறி வராமல் சுவிட்சை அணைத்து, கிண்ணங்களைத் திறந்தே வைத்து, ஹாண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினேன். சிக்கும் என்று காத்திருந்தேன். சிக்கவில்லை. புதுக் கிணற்றுக் கப்பி போலச் சுற்றியது. நம்பாமல் இன்னும் பத்துச் சுற்று சுற்றினேன்.

கிண்ணங்களை மூடி, சுவிட்சைப் போட்டு, தீப்பொறி பிந்தி வரும்படி ஸ்டியரிங்கில் உள்ள கம்பியைத் தள்ளினேன். முன்பு ஒரு தடவை தள்ள மறந்து, ஹாண்டில் திருப்பி அடித்து ஒடிந்த மணிக்கட்டு இன்றும் கோணல். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

வெள்ளைப் புகை. தெருவெல்லாம் பலகாரம் சுடுகிற வாசனை. அடுத்த வீட்டிலிருந்து யாரோ என்ன விசேஷம் என்று கேட்டார்கள். நயினார் காறித் துப்பிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பினான்.

"பாத்தியா, அவ எண்ணெய்தான் காப்பாத்தித்து" என்றார் வக்கீல்.

நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிஸ்டன் பக்கம் சின்னதாக ஒரு தட்டல்.

"நிறுத்துங்க, சாமி. உள்ள தட்டுது. தொறந்து பாக்காம நான் இத ரோட்டுல எறக்க மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை. நாளைக்குக் கோர்ட்டுக்கு இதுலதான் போறேன். நீ இல்லைன்னா வேற ஆள்."

"வேற ஆளுக்குக் காது கேக்காம இருந்தாச் செரி."

விஜயம் அம்மாள் கிட்டே வந்தார். "நான் விட்டதுனாலயா தட்டறது?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தேன். எஞ்சின் சத்தம் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தது. வக்கீல் நிறுத்தவில்லை, தெருவுக்குக் காட்டுகிறார். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வந்தபோது அது சட்டென்று நின்றது. யாராவது நிறுத்தினார்களா, தானாக நின்றதா? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். கீழே யாரோ துணி அடிக்கிற சத்தம் மட்டும். கோணல் கையை முகர்ந்து பார்த்தேன். ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை, தேங்காயெண்ணெய். அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே என் வீடு இருக்கும் நேமத்தைப் பார்த்து நடந்தேன்.