பருப்பு விதைத்தவர்கள்

பள்ளியில் சொன்னது ஒரே ஒரு வேலை. வீட்டில் ஏதாவது ஒரு பயறைத் தொட்டியில் விதைத்து, முளைத்ததும் கொண்டுவர வேண்டும். மனைவி அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தாள். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி மகளிடம் கொடுத்தது நான்தான். மருந்துக்கடையில் அத்தனை மாத்திரைகளின் பெயரையும் ஒப்பிக்கிற ஆளுக்குப் பருப்பு ஒரு பெரிய விஷயமா?

வாண்டு தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றும் முளைக்கவில்லை. கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. செடி விற்கும் கடையில் ஓர் அவரைக் கன்று வாங்கிவந்து, காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் தொட்டியில் நட்டேன். அவள் குதித்த குதியில், செய்தது சரிதான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

"நிஜ விவசாயி இவதான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தியையே அவள் பொறுப்பில் விட்டார். வாண்டு எங்கள் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். வகுப்பே சேர்ந்து விதைத்தது. டீச்சருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாத்தி வெறும் மண்ணாகவே கிடந்தது. பிள்ளைகள் அவளைப் புளுகிணி என்றார்கள். பக்கத்து இருக்கைத் தோழி பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"நான் தண்ணி அதிகமா ஊத்திட்டேனாப்பா?"

"பொறுமையா இரு கண்ணு, வரும்" என்றேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன்.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி காலி டப்பாவைப் பார்த்து விசாரித்தாள். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஒடச்ச பருப்பு எப்படிடி முளைக்கும்? முழுப் பயறுல்ல போடணும்."

"எனக்கு முளைச்சுதேம்மா."

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இனி மழுப்ப வழியில்லை. சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தத் தப்பும் செய்யாத குழந்தை இத்தனை நாள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மனைவி உள்ளே போனதும் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கடையில நிறைய செடி இருக்குமாப்பா? நாளைக்கு எல்லாரும் வர்றதுக்குள்ள நட்டுடலாம்."