பந்தி திறக்கும் வரை

பசியோடு இருக்கிற எழுநூறு பேரைச் சிரிக்க வைப்பதும், சந்தை கலையும் நேரத்தில் அழுகின தக்காளியைத் தள்ளிவிடுவதும் ஒரே தொழில்தான். கை வேகமாக இருக்க வேண்டும், வாய் அதைவிட வேகமாக இருக்க வேண்டும். வாங்குகிறவன் குனிந்து பார்ப்பதற்குள் அடுத்த கூடையைத் தூக்கிக் காட்டிவிட வேண்டும். மைக் கேசவனுக்கு இந்த வித்தை பன்னிரண்டு வருஷமாகக் கைவந்தது.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் நாகலாபுரத்துக்காரன். சித்தூரிலிருந்து திருப்பதி வரை எந்தக் கல்யாண மண்டபத்திலும் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற வாய். ஆனால் சந்தைக்குப் புதுச் சரக்கு வந்துவிட்டது. காலேஜ் முடித்த பெண்கள் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். இந்த சீசனில் அதுவரை கேசவனுக்குக் கிடைத்தது நாலே கல்யாணம்.

ஐந்தாவதாக இது வாய்த்தது. சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் ரமணாவின் மகள் கல்யாணம். திருப்பதிக்கு வெளியே ரமணாவே புதிதாகக் கட்டிய ஏசி மண்டபம். முகூர்த்தம் ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. வாழ்த்த வருகிற மந்திரி பதினொன்றுக்கு வருவதாகச் சொன்னவர், பன்னிரண்டாகியும் வரவில்லை. சாப்பிட்டவன் உட்காருவானா? ரமணா சாப்பாட்டு ஹாலைப் பூட்டிச் சாவியைப் பட்டு ஜிப்பாவில் போட்டுக்கொண்டார்.

"கேசவா, மினிஸ்டர் வந்து ஃபோட்டோ எடுக்கிறப்போ ஒரு குர்ச்சி காலியா இருக்கக் கூடாது. ஜனத்தைப் போவாம நிறுத்திட்டியா, இந்த ஹால்ல நடக்கிற எல்லா ஃபங்ஷனுக்கும் மைக்கு உன்னுது. காலியாச்சா, இந்தப் பக்கம் எந்த ஹால்லயும் உன்னை ஏத்த மாட்டான். செப்பியாச்சு."

கேசவன் முதல் கூடையை இறக்கினான். "எங்க வூட்டுக்காரி ஃபிகரைச் சொல்லணும்னா, வாசல்ல நின்னா வூடு தெரியாது! ராத்திரி கொறட்டை வுட்டா, ரேணிகுண்டாவுல ரயிலு வர்துன்னு கேட்டை மூடறான்!" சிரிப்பு. "எங்க பையன் யோகேஷு கணக்குல வீக்கு. அஞ்சு லட்டுல ரெண்டு போனா எத்தினின்னு வாத்தியார் கேட்டா, 'மொதல்ல க்யூ எங்க சார்'ன்றான்!" இன்னும் சிரிப்பு.

பன்னிரண்டரைக்குப் பூட்டிய கதவின் இடுக்கிலிருந்து நெய் மணம் வந்தது. நெய்க்கு முன்னால் எந்த நகைச்சுவை நிற்கும்? பின்வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன.

கேசவன் பேர் சொல்லும் பந்தயத்தை எடுத்தான்.

புதுப்பெண் புகுந்த வீட்டுக்குள் வரும்போது நாத்தனார்கள் வாசலை மறித்து, புருஷன் பேரைச் சொன்னால்தான் வழி விடுவார்கள். அன்றைக்கு ஒருதரம் வெட்கப்பட்டுச் சொன்னதோடு சரி, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேரை வாயில் எடுக்காத பெண்கள் எல்லைக் கிராமங்களில் இன்னமும் உண்டு. ரேஷன் ஆபீஸில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவளை இடித்துத்தான் சொல்லச் சொல்வார்கள். அப்படிப்பட்டவளாகப் பார்த்து மேடையேற்றிச் சொல்ல வைப்பதுதான் பந்தயம். சொன்னவளுக்குத் தங்கக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. மேடையில் அப்படிப் பத்துப் பெட்டி அடுக்கியிருந்தது. உள்ளே தெர்மாகோல். பரிசு அப்புறம் வரும் என்பது கேசவனின் கணக்கு. எப்போது என்று அவன் எந்த ஊரிலும் சொன்னதில்லை.

ஃபேக்டரியில் மாங்காய்த் தோல் சீவுகிற சுந்தரம்மா அகப்பட்டாள். அவளும் நாகலாபுரம்தான். அறுபது வயசு, கூந்தலில் கனகாம்பரம்.

"உங்க வூட்டுக்காரர் பேரு இன்னா பெரிம்மா?"

"அதான், மூணாவது வரிசையில குந்திக்கினு இருக்குதே."

"குந்திக்கினு இருக்குதா? ஆதார் கார்டுல அப்பிடியா போட்டுக்கீது?"

மண்டபம் குலுங்கியது. சுந்தரம்மா முந்தானையைக் கடித்தாள். "கொயந்தை அழுதா ஊத்துவமே, அது. அதோட ஒரு ஐயாவைச் சேத்துக்கோ."

"சாராயமா? சாராயய்யாவா?"

"ஐயோ, இல்ல நைனா."

"மோரய்யா? கஞ்சியய்யா?"

அவனுக்குத் தெரியாதா? ஒரே ஊர். தெரிந்துகொண்டுதான் கேட்டான். கூட்டம் விசிலடித்தது. ஏழு நிமிஷம் அவளை வறுத்தான். கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "பாலையா" என்றாள். "கேக்கல, கேக்கல! மினிஸ்டர் கார்ல வந்துக்கினு கீறாரு, அவருக்குக் கேக்கட்டும்!" மூன்று தரம் சொல்ல வைத்தான். மூன்றாவது வரிசையில் பாலையா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

சுந்தரம்மா இடத்துக்குத் திரும்பிக் காகிதத்தைக் கிழித்தாள். தெர்மாகோல் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். மந்திரி இன்னும் சந்திரகிரி தாண்டவில்லையாம். நாற்பது ஐம்பது பேர் வாசலுக்கு நடந்துவிட்டார்கள். ரமணா தூணோரம் நின்று கேசவனையே பார்த்தார். கேசவன் அடுத்தவளைத் தேடிக் கண்ணை ஓட்டும்போது பாலையா எழுந்தார்.

"எல்லார் வூட்டுப் பொம்பளையையும் ஏத்துனியே நைனா! உன் வூட்டுப் பொம்பளை அதோ குந்திக்கினு கீது. அஞ்சாவது வரிசை, பச்சைப் பொடவை. அதையும் ஏத்து, பாப்போம்."

எழுநூறு தலையும் திரும்பியது. வாசலைத் தாண்டாதவர்கள் நின்றார்கள். "ஏத்து! ஏத்து!"

கேசவனுக்கும் அவன் மனைவி சுமித்ராவுக்கும் ஓர் ஏற்பாடு. அவன் போகிற மண்டபத்துக்கு அவளும் வருவாள், எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள், ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். ஸ்ரீசிட்டி ஃபேக்டரி ஒன்றில் லைனில் நின்று வயர் பொருத்துகிறவள். மேடையேறியபோது வெண்டைக்காய் மாதிரி இருந்தாள். "இதுவா வாசலை மறைக்கிது?" என்று எவனோ கத்த, கூட்டம் கைதட்டியது.

கேசவன் மைக்கைத் தள்ளிப் பிடித்துக் கிசுகிசுத்தான். "சட்டுனு சொல்லிட்டு எறங்கிடு."

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "சட்டுனு சொல்லிட்டு எறங்கணுமாம்."

சிரிப்பு. வாசலில் இருந்தவர்களில் நாலு பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"பேரு இருக்கட்டும். அந்த யோகேஷுப் பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு யாருக்காச்சும் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வர்றேன். எனக்குத்தான் ஒண்ணும் பொறக்கலியே."

மண்டபம் வெடித்தது. சுமித்ரா திடுக்கிட்டு நின்றாள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இருவரும் பேசிவைத்து ஆடுகிற ஆட்டம் என்று ஜனம் முடிவு கட்டிவிட்டது.

"வேலூர்ல டாக்டர் ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணான். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னான். இவரு ரிப்போர்ட்டை மடிச்சி ஜேபில வெச்சிக்கினு வந்து, 'அவளுக்குத்தான் ஆவாது'ன்னு ஊரு பூரா சொன்னாரு."

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் தொடையில் அறைந்தார்.

மைக்கின் சுவிட்ச் கேசவனின் கட்டை விரலுக்கு அடியில் இருந்தது. ஓர் அமுக்கு போதும். 'மைக் ரிப்பேர்' என்று சொல்லி இறக்கிவிடலாம். அவன் வாசலைப் பார்த்தான். இருபது பேர், முப்பது பேர் திரும்பி வருகிறார்கள். வெளியே பீடி குடிக்கப் போனவனைக்கூட இன்னொருவன் கையைப் பிடித்து இழுத்து வருகிறான். கேசவன் மைக்கை அவள் வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"யோகேஷுன்ற பேரு நான் வெச்சது. பொறந்தா வெக்கலாம்னு காலண்டர் பின்னால எழுதி வெச்சிருந்தேன். இவரு அதைப் பாத்துட்டு எடுத்துக்கினு வந்து ஜோக்குல போட்டுக்கினாரு."

அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. சுந்தரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தெர்மாகோலை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மந்திரி ஒன்று பத்துக்கு வந்தார். நாலு நிமிஷம் நின்றார். ஃபோட்டோவில் ஒரு நாற்காலியும் காலியில்லை. சாப்பிடாமல் போய்விட்டார். கதவு திறந்தது. சிரித்த எழுநூறு பேரும் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு இலைக்கு ஓடினார்கள்.

ரமணா கேசவனின் முதுகில் தட்டினார். "சூப்பரு! இத்தினி நாளா அம்மாவை எங்க ஒளிச்சி வெச்சிருந்தே? ஹால் உன்னுது. ஆனா அவங்களும் வரணும். ஆ பையன், அந்த யோகேஷு ஐட்டம் கண்டிப்பா வேணும்."

"வருவா சார்," என்றான் கேசவன். கேட்காமலே.

சுமித்ரா சுந்தரம்மாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். கேசவன் பின்னால் போய்க் குனிந்தான்.

"ஒம்பதாந்தேதி முகூர்த்தம் கீது. ரமணா சார் உன்னையும் கூட்டியாரச் சொல்றாரு."

அவள் பருப்பைப் பிசைந்தாள். "உன் கட்டை வெரலு சுவிட்சு மேலதானே இருந்துச்சி?"

அவன் கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அமுக்குவியான்னு பாத்துக்கினே இருந்தேன். அமுக்கியிருந்தா பேரைச் சொல்லிட்டு எறங்கியிருப்பேன்."

"வர்றியா, மாட்டியா?"

சுமித்ரா ஒரு கவளம் தின்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள்.

"வர்றேன். இன்னா வேணாலும் பேசறேன். அந்தப் பேரை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு. பையனுக்கு வேற எதுனா வெச்சிக்கோ."

கேசவன் நிமிர்ந்தான். அடுத்த பந்திக்கு நிற்கிற ஒருவன் அவனைப் பார்த்து, "யோகேஷு அப்பா!" என்று கூப்பிட்டுச் சிரித்தான். கேசவன் பழக்கதோஷத்தில் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடியும் குனிந்தான்.

"அது எப்பிடிமே முடியும்? அந்த எடத்துலதானே ஜனம் அதிகமா சிரிச்சுது."