ஸ்டியரிங்கில் தொங்கிய டோக்கன்

பஸ் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு அடியில் யார் படுத்து வேலை பார்க்கிறாரோ, அவருடைய பித்தளை டோக்கன் ஸ்டியரிங்கில் தொங்கும். அது தொங்கும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் கைவைக்க மாட்டார்.

மனைவிக்கு வலி கண்டதாகப் போன் வந்ததும் பிரேக் மெக்கானிக் கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடினான். டோக்கன் ஸ்டியரிங்கிலேயே தங்கிவிட்டது.

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அப்பாக்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்ற அறிவிப்பு பட்டறைப் பலகையில் ரொம்ப நாளாகத் தூசி படிந்து கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் இவன்தான். வாங்கிய பிறகும், தப்பு செய்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஃபோர்மன் கூப்பிட்டார். டோக்கனைக் கழற்ற ஆள் இல்லாமல் ஒரு வண்டி முடங்கிக் கிடக்கிறதாம். வந்து கழற்றிவிட்டு, பாதியில் விட்ட பிரேக்கையும் அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சாயங்காலம் ஆகிவிடாதா என்று இவன் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மனைவி அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். குழந்தை அழுதால் குனிந்து தூக்க அவளால் முடியாது, தையல் இழுக்கும். பட்டறை பக்கத்துத் தெருதான். குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினான்.

வாசலிலேயே டயர்காரன் பிடித்துக்கொண்டான். அவன் மனைவிக்கும் இது நிறைமாதம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அம்மா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்றான். பட்டறையே சிரித்தது. பால் யார் கொடுக்கிறார்கள் என்று வேறு ஒருவர் விசாரித்தார்.

இவனுக்குக் காது சூடானது. போன வருஷம் ஃபோர்மன் முழங்கால் வலி என்று வீட்டில் கிடந்தார். ஒரு ஈ, காக்கா கூப்பிட்டதா? வெல்டர் வீடு மாறினார். யாராவது கேலி செய்தார்களா? பிள்ளையைத் தூக்கினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி வண்டியில் ஏறி டோக்கனைக் கழற்றினான். இறங்கியதும் ஃபோர்மன் ஸ்பானரை நீட்டினார். நீட்டியதை வாங்கியே பழகிய கை, தானாக மேலே எழுந்தது. குழந்தை நெளிந்தது. கையை இறக்கிக்கொண்டான்.

"என்னடா, அதான் வந்துட்டியே. எனக்கும் மூணு பிள்ளைங்க. ஒண்ணுக்காவது நான் லீவு போட்டிருப்பேனா? எல்லாம் தானா வளரல?"

"தானா வளரலண்ணே. அண்ணி வளர்த்தாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. தொடங்கியதை இவனால் விழுங்க முடியவில்லை.

"அடியில ஆள் இருக்கும்போது வண்டிய எடுப்பீங்களா? எங்க வீட்ல ஒருத்தி எந்திரிக்க முடியாம கிடக்கறா. அங்கேர்ந்து என்னைக் கழட்டிட்டு வரச் சொல்றீங்க. லீவு முடியறவரை இந்த டோக்கன் எங்க வீட்லதான் தொங்கும். நானாத்தான் எடுப்பேன்."

டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஃபோர்மன் ஸ்பானரோடு அப்படியே நின்றார். வண்டியை யார் முடிப்பது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

டயர்காரன் தன் டோக்கனை எடுத்து ஸ்டியரிங்கில் மாட்டினான், ஃபோர்மன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கினான், வண்டிக்கு அடியில் நுழைந்தான். செருப்புக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏம்ப்பா, அந்த லீவை எப்படிக் கேக்கணும்?" அடியிலிருந்து குரல் வந்தது. ஃபோர்மன் காதில் விழட்டும் என்றே கேட்டதுபோல் இருந்தது.

இவனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"பலகையில இருக்கு. தூசியத் தட்டிட்டுப் படி" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.