மதிவதனி நம்பாத கம்பி

காரைக்காலில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் கம்பிகளை இழுத்துப் பார்க்கும் இயந்திரம் மதிவதனியின் பொறுப்பு. கம்பித் துண்டு கொண்டுவருகிறவர்கள் லேசில் விடமாட்டார்கள். ‘பாஸாகிடுமாம்மா’ என்று நச்சரிப்பார்கள். அன்றைக்கு வந்த கட்டட ஒப்பந்தக்காரர் ஜவஹர் அலி எதையும் கேட்கவில்லை. மூன்று துண்டுகளை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே அவளை உறுத்தியது.

முதல் துண்டு தேவைக்கும் அதிகமான பாரத்தைத் தாங்கியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் படீரென்று அறுந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

மேலாளர் ராஜ்மோகன் எட்டிப் பார்த்தார். “பாரம் நல்லாத்தானே தாங்கியிருக்கு? பாஸ்னு போடுங்க.”

“அறுறதுக்கு முன்னாடி வரவேண்டிய நீட்சி பாதிகூட வரல சார். புதுக் கம்பி இப்படி அறாது.”

ஜவஹர் அலியை உள்ளே கூப்பிட்டாள். “பாய், இது எங்க வாங்குனது?”

“மொதல்ல நீங்க பார்த்ததைச் சொல்லுங்க.”

மழுப்புகிறார் என்றே நினைத்தாள். “பாரம் ஏறும்போது கம்பி அந்தச் சக்தியை உள்ள வாங்கி வச்சுக்கும். எறங்குனதும் திருப்பிக் கொடுத்துட்டு பழைய நிலைக்கு வந்துடும். அந்த மீள்திறன்ல இதுக்குக் குறையில்ல. எல்லை தாண்டுனாத்தான் சிக்கல். நல்ல கம்பி நீளும், வளையும், விரிசல் காட்டும். ஆளுங்க எறங்கி ஓட நேரம் கிடைக்கும். இது அந்த நேரத்தைக் கொடுக்காது. இடிச்ச கட்டடத்துப் பழைய கம்பியை யாரோ இழுத்து நிமித்தியிருக்காங்க.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். வரிச்சிக்குடியில் அவர் கட்டுவது கல்யாண மண்டபம். கம்பி வாங்கிப் போட்டது உரிமையாளர் திருஞானசம்பந்தம்.

“லோடு எறங்குனப்பவே சந்தேகம்மா. கம்பி மேல இருக்கற வரி இடுக்குல பழைய சிமெண்டு ஒட்டியிருந்துச்சு. வேற எடத்துல கொடுத்தேன், பாஸ்னு எழுதிட்டாங்க. நீங்களும் அப்படித்தானான்னு பார்க்கத்தான் வாயைத் தொறக்கல.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் துண்டுகளை வெட்டியது அவர்தானே என்ற எண்ணம் போகவில்லை. மறுநாள் காலை வரிச்சிக்குடிக்கே போய், தானே மூன்று கம்பிகளைக் காட்டி வெட்டச் சொன்னாள்.

திருஞானசம்பந்தம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?”

“நீங்களும் வாங்க சார். உங்க முன்னாடியே இழுக்கிறேன்.”

வந்தார். மூன்றும் படீர் படீரென்று அறுந்தன. மூன்றாவது சத்தத்துக்கு ஓரடி பின்வாங்கினார்.

“கடைக்காரன் எங்க சொந்தக்காரன்” என்றார் மெல்ல. பிறகு கைபேசியில் லாரிக்குச் சொன்னார்.

சாயங்காலம் வரிச்சிக்குடியில் கம்பிகள் லாரியில் ஏறின. மதிவதனியும் போயிருந்தாள்.

“கடைக்குத்தானே போகுது?” என்று கேட்டாள்.

“கடைக்குத்தான். அங்கேருந்து யாரோட மாடிக்குப் போகுமோ” என்றார் ஜவஹர் அலி.

லாரியின் எண்ணைப் படம் பிடித்து, அறிக்கையோடு சேர்த்து, ‘இந்தக் கம்பி வந்தால் நீட்சியையும் பாருங்கள்’ என்று மாவட்டத்தில் தெரிந்த சோதனைக்கூடங்களுக்கெல்லாம் நின்ற இடத்திலிருந்தே அனுப்பினாள்.