மாதா காதின் அந்தப் பக்கம்

கோம்பைக்குப் போகும் வழியில் இருக்கும் கோட்டைமேட்டு மாதா கோயிலுக்குச் சொந்தச் சுவர் மூன்றுதான். நாலாவது, பாளையக்காரர் காலத்துக் கோட்டைச் சுவர். அந்தக் காலத்துச் சாமியார்கள் செலவுக்குப் பயந்து, நாலடி கனத்தில் நின்ற கருங்கல் சுவரோடு மற்ற மூன்றையும் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒட்டவைத்துவிட்டார்கள். கருங்கல்லில் ஆள் உயரத்தில் ஒரு துளை. மாதா காது என்று பெயர். அதில் வாய் வைத்துச் சொன்னால் மாதா கேட்பாள் என்பது ஊர் வழக்கம்.

பிலோமினா டீச்சர் முப்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறியதில்லை. சும்மா சொல்வாளா, சண்டையே போடுவாள். கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போன மகன் அமல்ராஜ் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தபோது அந்தத் துளையில்தான் அழுது தீர்த்தாள். பத்தாம் நாள் பையன் பெட்டியோடு வாசலில் நின்றான். அதற்கப்புறம் மாதாவைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட முடியாது.

இந்த வருஷம் கோயிலைப் பழுதுபார்க்க வந்த இஞ்சினியர் ஷெரின் துளைக்குள் டார்ச் அடித்தாள்.

"இது துப்பாக்கி நீட்டுற ஓட்டை டீச்சர். அந்தப் பக்கம் வரைக்கும் போகுது. மழைத்தண்ணி இறங்கும், அடைக்கணும்."

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு தாயி அது? கண்ணு கூசுது."

சுவருக்கு அப்பால் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கருத்தக்கண்ணன். பந்தல் கொடி மறைத்திருந்ததால், துளை அங்கே திறப்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிலோமினாவுக்குக் குப்பென்று வியர்த்தது. மாமியாரைத் திட்டியது, வாய்க்கால் தண்ணீரைக் கருத்தக்கண்ணன் திருப்பிக்கொள்கிறான் என்று முறையிட்டது, எல்லாமா கேட்டிருக்கும்? மானமே போச்சு. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.

"அடைச்சிரவா டீச்சர்?" கொத்தனார் முத்துராஜா கலவையோடு நின்றார்.

"இருப்பா" என்றவள் மகனுக்குப் போன் போட்டாள். "அன்னைக்குத் திருப்பூர்ல வந்து உன்னைய யாருடா கூப்பிட்டது?"

அமல்ராஜ் இழுத்தான். "கருத்தக்கண்ணன் மாமாதான்மா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

சுவரைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். கருத்தக்கண்ணன் கத்தரிக்கோலும் கையுமாகத் தலை குனிந்து நின்றார்.

"ஏண்ணே, மாதா கேட்டாகன்னுல்ல இத்தன வருசம் நெனச்சிருந்தேன். நீங்கதானா?"

"மாதாதான் தாயி கேட்டாக. நான் பஸ்சு ஏறுனேன், அம்புட்டுத்தான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். கொடியை விலக்கித் துளையில் வாய் வைத்தாள்.

"முத்துராஜா, கலவையக் கீழ வையி. அடைக்க வேணாம்."